தயோஆக்ஸிடன்ஸ் ஜீனோம்: 3 மெகாபேஸ் வரவேண்டிய இடத்தில் 6.9 வருகிறது

கந்தகப்பூ:
கழிவுநீர்க் குழாயில் அரித்துப்போன கான்கிரீட் பொருக்கிலிருந்து பிரித்த, கந்தகத்தை அமிலமாக்கும் பாக்டீரியா அசிடிதயோபாசில்லஸ் தயோஆக்ஸிடன்ஸ். ஸ்டார்க்கி ஊடகம், லிட்டருக்கு 10 கிராம் கந்தகத்தூள், 30 டிகிரி. 12 நாளில் பிஎச் 1.1க்கு இறங்கியது. 2 லிட்டரை நேராக சென்ட்ரிஃபியூஜில் போட்டால் அடியில் மஞ்சள் படிவு (பெல்லட்). கிட் வைத்து டிஎன்ஏ எடுத்ததில் ஒளி உறிஞ்சலை அளக்கும் நானோடிராப் மைக்ரோலிட்டருக்கு 180 நானோகிராம் காட்டுகிறது, டிஎன்ஏவை மட்டும் அளக்கும் கியூபிட் 22தான். தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதம் 0.7. நானோபோரில் (நுண்துளை வழியே நீள வரிசைகளைப் படிக்கும் கருவி) ஏற்றி இரண்டு மணி நேரத்தில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டன. வந்தவரை ஃப்ளை மென்பொருளில் அசெம்பிள் செய்தால் (வரிசைகளை ஒட்டினால்) 6.9 மெகாபேஸ் (69 லட்சம் எழுத்து), ஜீனோம் தரம் பார்க்கும் செக்எம் மென்பொருளில் முழுமை 99%, கலப்பு 90%க்கு மேல். கந்தகத்தை ஆக்ஸிஜனேற்றும் சாக்ஸ் மரபணுத் தொகுதியில் எக்ஸ், ஒய், இசட், ஏ, பி இருக்கின்றன; சி, டி இரண்டையும் காணோம். இனம் காட்டும் 16எஸ் மரபணுவின் சாங்கர் வரிசை தயோஆக்ஸிடன்ஸ் என்றுதான் சொன்னது. எங்கே தவறு?

அமிலக்குடுவை:
கல்ச்சரிலேயே இரண்டு உயிரி இருக்கிறது. பெரும்பாலும் அசிடிஃபிலியம், அமிலத்தில் வாழ்ந்து கரிமப் பொருள் தின்னும் பாக்டீரியா. சர்க்கரை எதுவும் போடவில்லையே என்று நினைக்க வேண்டாம். தயோஆக்ஸிடன்ஸ் கசியவிடும் கரிமச் சேர்மங்களே அதற்குச் சாப்பாடு. 1981இல் விவரிக்கப்பட்ட அசிடிஃபிலியம் கிரிப்டத்தின் பெயரிலேயே 'மறைந்திருப்பது' என்ற பொருள் உண்டு. தூய்மையானவை என்று நம்பி வளர்த்த, தயோஆக்ஸிடன்ஸின் உறவினமான ஃபெரோஆக்ஸிடன்ஸ் கல்ச்சர்களுக்குள் ஒளிந்திருந்ததால் வந்த பெயர்.

உறுதிப்படுத்த, கான்டிக்குகளை (ஒட்டிய வரிசைத் துண்டுகள்) ஜிசி சதவீதத்துக்கு (ஜி, சி எழுத்துகளின் பங்கு) எதிராகக் கவரேஜ் (ஓர் இடம் எத்தனை முறை படிக்கப்பட்டது) வைத்து வரைந்து பாருங்கள். தயோஆக்ஸிடன்ஸ் 53% பக்கம் கூடும், அசிடிஃபிலியம் 67% பக்கம் கூடும். நடுவே வெற்றிடம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். சாங்கர் குரோமட்டோகிராமையும் திரும்பத் திறந்து, பெரிய முகடுகளுக்கு அடியில் குட்டி முகடுகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பாருங்கள். மென்பொருள் பெரியதை மட்டும் எழுதிவிட்டுப் போய்விடும்.

தூய்மைப்படுத்த, பத்துப் பத்து மடங்காக 10⁻⁸ வரை நீர்க்கச் செய்து, கடைசியாக வளர்ந்த குழாயிலிருந்து எடுத்து மறுபடி நீர்க்கச் செய்யுங்கள். மூன்று சுற்றாவது வேண்டும். இதைக் கந்தகத்தூளில் செய்யாதீர்கள். ஒரு துகளில் நூற்றுக்கணக்கான செல்கள் ஒட்டியிருக்கும், கணக்கே தப்பிவிடும். கரையும் டெட்ராதயோனேட் நல்லது. தயோசல்ஃபேட் என்றால் பிஎச் 4.5க்குக் கீழே தொடங்காதீர்கள், அமிலத்தில் அது தானே உடைந்து கந்தகமாகக் கலங்கும், வளர்ச்சி என்று ஏமாந்துவிடுவோம். சோதனைக்கு, லிட்டருக்கு 1 கிராம் குளுக்கோஸும் 0.2 கிராம் ஈஸ்ட் சாறும் உள்ள பிஎச் 3 ஊடகத்தில் ஒரு துளி விடுங்கள். இரண்டு வாரம் தெளிவாகவே இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம்.

குளிர்சுழலி:
கலப்பு ஒருபுறம், டிஎன்ஏ இன்னொருபுறம். மஞ்சள் பெல்லட் என்றாலே அதில் பாதி கந்தகம். குடுவையை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து மேல்நீரை எடுங்கள். அடியில் தங்கிய கந்தகத்தில் 0.05% ட்வீன் 80 சேர்த்துக் குலுக்கி, மறுபடி படியவிட்டால் ஒட்டியிருந்த செல்களும் வந்துவிடும். எல்லாவற்றையும் வாட்மன் 1 தாளில் வடிகட்டி, 10,000 ஜியில் 15 நிமிடம். இப்போது பெல்லட் வெளிர் பழுப்பாக, கஞ்சி ஆடைபோல இருக்க வேண்டும்.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். முதல் இரண்டு கழுவல் கந்தக அமிலம் கலந்த பிஎச் 2 நீரில். எடுத்தவுடன் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புத் தாங்கல்) ஊற்றினால் ஊடகத்தில் உள்ள இரும்பு பாஸ்பேட்டாகவும் ஹைட்ராக்சைடாகவும் வீழ்ந்து செல்லோடு ஒட்டிக்கொள்ளும், பின்னால் டிஎன்ஏவையும் பிடித்துக்கொள்ளும். உலோகம் போன பிறகு பிபிஎஸ் ஒருமுறை, டிஇ (டிரிஸ்-இடிடிஏ தாங்கல்) ஒருமுறை. செல்லை உடைப்பதற்கு முன் பிஎச் தாளில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், 7.5 முதல் 8 வரை காட்டணும். டிஇயில் உள்ள 10 மில்லிமோலார் டிரிஸ், பெல்லட்டில் தங்கிய அமிலத்துக்கு ஈடுகொடுக்காது. அமிலத்தில் செல் உடைந்தால் பியூரின்கள் கழன்று டிஎன்ஏ துண்டுதுண்டாகிவிடும்.

லைசோசைம் 37 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 1% எஸ்டிஎஸ் (செல்லை உடைக்கும் சோப்பு), புரோட்டினேஸ் கே 55 டிகிரியில் ஒரு மணி நேரம். சோடியம் குளோரைடை 0.7 மோலாருக்கு உயர்த்திவிட்டுத்தான் சிடிஏபி (பலசர்க்கரைகளைப் பிரிக்கும் சோப்பு). உப்பு குறைந்தால் டிஎன்ஏவே சிடிஏபியோடு வீழ்ந்துவிடும். 65 டிகிரியில் 10 நிமிடம், குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் 24:1, ஐசோபுரோப்பனால் 0.6 பங்கு, 70% எத்தனாலில் இருமுறை. ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் மறக்கவேண்டாம்: 180க்கும் 22க்கும் உள்ள இடைவெளியில் பெரும்பங்கு ஆர்என்ஏவாகத்தான் இருக்கும். 260/230 விகிதம் 2ஐ நெருங்காமல் நானோபோரில் ஏற்றாதீர்கள். செல் உடைந்தபின் வார்டெக்ஸ் (வேகக் கலக்கி) தொடவே கூடாது.

நீள்வரிசை:
சாக்ஸ் சி, டி விட்டுப்போகவில்லை. தயோஆக்ஸிடன்ஸிலும் அதன் உறவினமான கால்டஸிலும் அவை இல்லாத குறுகிய சாக்ஸ் தொகுதிதான் உண்டு. முழுத் தொகுதி வேண்டுமென்றால் பாராகாக்கஸ் பாக்டீரியாவில் பாருங்கள். ஃபெரோஆக்ஸிடன்ஸ் ஏடிசிசி 23270 ஜீனோமில் (2008இல் வெளியானது, 2.98 மெகாபேஸ்) சாக்ஸ் தொகுதியே கிடையாது. மீதிக் கந்தகத்தை ஹெட்டரோடைசல்ஃபைட் ரிடக்டேஸ் வகைத் தொகுதி கவனித்துக்கொள்கிறது என்பதால் அந்த மரபணுக்களைத் தேடுங்கள். சல்ஃபைடை ஆக்ஸிஜனேற்றும் எஸ்க்யூஆரும் எஃப்சிசிபியும் ஒரே குடும்பத்து ஃபிளாவோ புரதங்கள். தானியங்கி அன்னோட்டேஷன் இரண்டையும் குழப்பும்; கிளைமரம் போட்டுத்தான் பிரிக்க முடியும்.

கையில் இருக்கும் தரவை வீசவேண்டாம். 53% கூட்டத்துக் கான்டிக்குகளைத் தனியே எடுத்து, அவற்றில் பொருந்தும் வரிசைகளை மட்டும் வைத்து மறுபடி அசெம்பிள் செய்யுங்கள். 3 மெகாபேஸுக்கு 100 மடங்கு என்றால் 300 மெகாபேஸ் போதும். நீளம்தான் முக்கியம்: ரைபோசோம் ஆர்என்ஏ தொகுதியே 5 கிலோபேஸ் நீளம், அதைத் தாண்டாத வரிசைகளால் வட்டம் மூடாது. இந்த இனங்களில் தாவும் மரபணுக்களும் அதிகம் என்பதால் குட்டி வரிசை தரும் இல்லுமினா மட்டும் வைத்தால் நூற்றுக்கணக்கான துண்டுகளில் நிற்கும். அதைக் கடைசியில் பிழை திருத்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கந்தகப்பூ:
வரைந்து பார்த்தேன். 53இல் ஒரு கூட்டம் 140 மடங்கு கவரேஜில், 67இல் இன்னொன்று 25 மடங்கில். மிக்க நன்றி. நீர்ப்புச் சுற்று தொடங்குகிறேன். பிறகு 2 லிட்டருக்குப் பெருக்கும்போது கந்தகத்தை ஆட்டோகிளேவ் செய்யலாமா?

அமிலக்குடுவை:
121 டிகிரியில் வேண்டாம். 115 டிகிரி வாக்கில் கந்தகம் உருகிக் கட்டியாகிவிடும், செல் ஒட்டப் பரப்பே இருக்காது. 100 டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வீதம் மூன்று நாள் அடுத்தடுத்து வையுங்கள். ஊடகத்தைத் தனியாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறியபின் கந்தகத்தை மேலே தூவுங்கள்.