ஸ்கால்ஸ்கி 1947இல் தாயகம் திரும்பியது தவறா?

கருடன்:
இரண்டாம் உலகப்போரின் போலந்துப் போர்விமானிகளில் முதலிடத்தில் வைக்கப்படும் ஸ்தானிஸ்வாஃப் ஸ்கால்ஸ்கி, 1947இல் பிரிட்டனை விட்டு நாடு திரும்பியதை நாட்டுப்பற்றின் உச்சம் என்று பலரும் எழுதுகிறார்கள். நான் அதைக் கணிப்புப் பிழை என்றே கருதுகிறேன். 1948 ஜூனில் அங்கிருந்த கம்யூனிஸ்ட் ஆட்சி அவரை உளவாளி என்று கைது செய்தது. 1950 ஏப்ரலில் மரண தண்டனை. தாயார் அதிபர் பியெரூட்டிடம் மன்றாடியதால் அது ஆயுள் தண்டனையாகி, 1956இல்தான் விடுதலை கிடைத்தது. எச்சரிக்கையும் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் போலந்து விமானிகள் பறந்த 303ஆம் அணியின் தளபதியாக இருந்த உர்பனோவிச் 1946இல் நாடு திரும்பிக் கைதாகி, பின்னர் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

நெடுவழி:
கருடன் அவர்களே, முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தைக் குறை சொல்கிறீர்கள். 1945 ஜூலையில், லண்டனிலிருந்து இயங்கிய போலந்து அரசுக்கான அங்கீகாரத்தை பிரிட்டன் விலக்கிக்கொண்டது. 1946இல் லண்டனில் நடந்த போர் வெற்றி அணிவகுப்புக்கு அந்த அரசின் கீழ்ப் போரிட்ட படைகளிலிருந்து விமானிகள் சிலரை மட்டுமே அழைத்தார்கள். தோழர்களை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று அவர்களும் மறுத்துவிட்டார்கள். 1940 செப்டம்பரில் பிரிட்டனின் வானத்தில் போரிட்டுத் தீக்காயம் பட்டு வாரக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவருக்கு அங்கே என்ன மிச்சமிருந்தது?

கருடன்:
அவமதிப்பு நடந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அவமதிப்பு வேறு, உயிராபத்து வேறு. இன்னொரு போலந்துப் போர்விமானி யான் சும்பாஹ் நாடு திரும்பவில்லை. கடத்தல், காங்கோவின் கட்டாங்காவில் கூலிப்படை என்று போன அவரது பிற்கால வாழ்க்கை பெருமைப்படத்தக்கதன்று; ஆயினும் அவர் தூக்குக் கயிற்றை எதிர்பார்த்து எந்த அறையிலும் உட்காரவில்லை.

பழையகணக்கு:
இடையில் ஒரு குறிப்பு. போலந்து விமானிகள் வீழ்த்திய எதிரி விமானங்களைக் கணக்கிட்ட பயான் குழுவின் பட்டியலில் ஸ்கால்ஸ்கியின் கணக்கு 18 11/12. அவரே சொன்னது 22க்கும் மேல். பின்னம் கண்டு சிரிக்க வேண்டாம். பலர் சேர்ந்து வீழ்த்திய விமானத்தை அப்படித்தான் பங்கிட்டார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் முதலிடம் அவருக்கே.

நெடுவழி:
எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது போரின் முதல் நாள். 1939 செப்டம்பர் 1 அன்று, வீழ்த்தப்பட்ட ஜெர்மானிய ஹென்ஷெல் விமானத்தின் அருகிலேயே தன் பி.11 போர்விமானத்தை இறக்கி, காயமுற்ற எதிரிகள் இருவருக்கும் கட்டுப்போட்டவர் இவர். ஆபத்தை எடைபோட்டுப் பார்க்கும் மனிதர் அதைச் செய்திருக்க மாட்டார். 1943இல் வட ஆப்பிரிக்காவில் போலந்துச் சிறப்புக் குழுவை நடத்தி, பிறகு பிரிட்டனின் 601ஆம் அணிக்கே தலைமை தாங்கியவருக்கு நாடு திரும்பினால் என்ன நேரலாம் என்று ஊகிக்கத் தெரியாதா? தெரிந்தே போனார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கருடன்:
தெரிந்தே போனார் என்பது உங்கள் ஊகம். அதற்கு நீங்கள் ஆதாரம் எதுவும் தரவில்லை. அந்த முதல் நாள் நிகழ்ச்சி அவரது இரக்கத்தைக் காட்டுகிறதே தவிர அரசியல் தெளிவைக் காட்டவில்லை. எனக்கு இன்னும் விளங்காத ஒன்று உண்டு: தன்னைக் கொல்லத் தீர்ப்பளித்த அதே ஆட்சியின் விமானப்படையில், வெளியே வந்ததும் மீண்டும் அவர் சேர்ந்தது எப்படி?

நெடுவழி:
நாற்பது வயதில் சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு விமானிக்கு வேறு எந்தத் தொழில் தெரியும், நண்பரே? அந்த ஆட்சி அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டுவிடவும் இல்லை. ஜெனரல் பதவி அவருக்கு 1988இல்தான், எழுபது வயதைக் கடந்தபின் வந்தது.