சோபாவுக்கு அடியில் தேநீர்த் தட்டு

ஆங்கிலக் கிராமத்து நகைச்சுவை நாவல்களில் எனக்கு மிகவும் பிடித்தது எலிசபெத் கேஸ்கெல் எழுதிய 'கிரான்ஃபோர்டு'. 1851 முதல் 1853 வரை சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் அவ்வப்போது வந்த கதைகள் அவை. செஷயரில் கேஸ்கெல் வளர்ந்த நட்ஸ்ஃபோர்டுதான் கதையில் கிரான்ஃபோர்டு ஆகியிருக்கிறது.

ரயிலில் வேலைக்குப் போகும்போதுதான் முதலில் படித்தேன். சுண்ணாம்புக் குழியில் விழுந்து முடியெல்லாம் உதிர்ந்த பசு ஒன்று வரும். 'ஃபிளானல் சட்டை தைத்துப் போடுங்கள்' என்று கேப்டன் பிரவுன் விளையாட்டாகச் சொல்ல, பசுவை வளர்க்கும் அம்மாள் அப்படியே தைத்துப் போட்டுவிடுகிறார். சாம்பல் நிற உடுப்போடு பசு மேய்ச்சலுக்குப் போவதைப் பார்க்க ஊரே திரண்டு வருகிறது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, எதிரில் இருந்தவர் என்னவென்று கேட்டே விட்டார்.

ஊரில் பெரும்பாலும் திருமணமாகாத அல்லது கணவனை இழந்த பெண்கள். கையில் காசு குறைவு, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மிஸ் மேட்டி ஒரே ஒரு மெழுகுவர்த்தியைத்தான் ஏற்றுவார். ஆனால் யாராவது வந்தால் எப்போதும் இரண்டு எரிவதுபோல் தோன்ற வேண்டுமே, அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி ஏற்றி ஒரே உயரத்தில் வைத்திருப்பார். மிஸஸ் ஃபாரெஸ்டர் வீட்டு விருந்தில், சோபாவுக்கு அடியில் இருக்கும் தேநீர்த் தட்டை எடுக்க வேண்டும், கொஞ்சம் நகருங்கள் என்கிறாள் வேலைக்காரச் சிறுமி. விருந்தாளிகள் அது அன்றாட வழக்கம் என்பதுபோல் பேச்சைத் தொடர்கிறார்கள். காலையிலிருந்து பலகாரம் செய்ததே மிஸஸ் ஃபாரெஸ்டர்தான். அது எல்லோருக்கும் தெரியும், தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இன்று என்ன பலகாரம் வருமோ என்று தெரியாதவர்போல் உட்கார்ந்திருக்கிறார்.

படிக்கும்போது இதெல்லாம் வெறும் வேடிக்கை என்றுதான் தோன்றும். அப்புறம் மிஸ் மேட்டி பணம் போட்டு வைத்திருந்த வங்கி திவாலாகிறது. வருமானம் அநேகமாக மொத்தமும் போய்விட்டது. அப்போது அதே பெண்கள் கூடிப் பேசி, ஆளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தர முடியும் என்று சீட்டில் எழுதி, மூடி முத்திரையிட்டுக் கொடுக்கிறார்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்பது அவர்களுக்குள்ளேயே தெரியக் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்பது மேட்டிக்கும் தெரியக் கூடாது. ஒருவர் இல்லாமையை மற்றவர் கண்டும் காணாததுபோல் இருந்து பழகிய ஊர் என்பதால்தான், மேட்டியின் மானம் போகாமல் அவர்களால் உதவ முடிகிறது. தேநீர்த் தட்டுக்குச் சிரித்தேனே, அந்தக் காட்சிக்கு இப்படி ஒரு கனம் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்தில்தான் உறைத்தது. கண் கலங்கிவிட்டது.

பிறகு மேட்டி தேயிலை விற்கத் தொடங்குகிறார். அதற்கு முன் ஊர் மளிகைக்காரரிடம் போய், உங்கள் வியாபாரத்துக்கு இதனால் நஷ்டம் வருமா என்று கேட்கிறார். அவரோ தன் வாடிக்கையாளர்களையே மேட்டியிடம் அனுப்பி வைக்கிறார். எனக்கு நாவலிலேயே மிகப் பிடித்த இடம் இது.

படித்து முடித்த சூட்டோடு இ. எஃப். பென்சனின் 'மேப் அண்ட் லூசியா'வை எடுத்தேன். 1931இல் வந்தது, சசெக்ஸில் அவர் வாழ்ந்த ரை நகரம்தான் கதையில் டில்லிங் ஆகியிருக்கிறது. ஊருக்கு யார் தலைவி என்று இரண்டு பெண்களுக்குள் போட்டி. சமையல் குறிப்பு ஒன்றைத் திருட மேப் போன நேரத்தில் வெள்ளம் வந்து, இருவரும் சமையலறை மேசையோடு கடலுக்கு அடித்துச் செல்லப்படுகிறார்கள். சிரிப்பு என்று பார்த்தால் இதில்தான் அதிகம். ஆனாலும் குடியிருக்க ஊர் தேடினால் நான் கிரான்ஃபோர்டுக்குத்தான் போவேன்.

'கதையே நகரவில்லை' என்று கிரான்ஃபோர்டைப் பாதியில் மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பலர். வங்கி விழுவது 13ஆம் அத்தியாயத்தில், சீட்டு எழுதிக் கொடுப்பது அடுத்ததில். தயவுசெய்து அதுவரையாவது படியுங்கள்.