திம்பம் மலைப்பாதை வழியா போறவங்க டிக்கியில் என்னென்ன வெச்சிருக்கீங்க?

கோபிக்காரன்:
மாசம் ரெண்டு தடவை தாளவாடி தோட்டத்துக்குப் போய் வருகிறேன். போன சனிக்கிழமை திரும்பும்போது ஆசனூர் தாண்டியதும் பஞ்சர், மணி ஏழேகால். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை. போனில் சிக்னல் கிடையாது, டார்ச்சும் அதே போன்தான், சார்ஜ் 11 சதவீதம். 9 மணிக்கு மேல் விடியற்காலை 6 வரை மலையடிவாரத்துப் பண்ணாரி செக்போஸ்ட்டில் வண்டியை விடமாட்டார்கள், பின் சீட்டில் அம்மா வேறு சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். முட்டைக்கோஸ் ஏற்றி வந்த பிக்கப்காரர் பம்பு வைத்திருந்தார், பிழைத்தோம். கடையைக் கட்டி எடுத்துப் போக முடியாது, வீடு வந்து சேர எது போதும்?

பட்டறை அண்ணன்:
முதலில் பம்பு வாங்குங்க, 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுவது. ட்யூப்லெஸ் டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்கவே பிடுங்காதீங்க, காற்றடித்து மெதுவாக ஓட்டினால் பெரும்பாலும் அடிவாரம் வரை வந்துவிடலாம். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஸ்டெப்னிதான் கதி. சரிவில் ஜாக்கி போடும் முன் எதிர் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து, நட்டைத் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்குங்க. புது வண்டி வாங்குகிறவர்களும் டிக்கியைத் திறந்து பாருங்க. டயர் பிரஷர் காட்டும் வசதியும் பஞ்சர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் விதியை மாற்றிவிட்டார்கள்.

ஆழியார் ரோடு:
வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறி இறங்குகிற எனக்குத் தெரிந்தது, தலையில் மாட்டும் டார்ச்தான் பெரிய உதவி, இரண்டு கையும் சும்மா இருக்கும். பேட்டரியைத் தனியாகக் கழற்றி வைக்கவும். பவர் பேங்கை மட்டும் வண்டியிலேயே விட்டுவிடாதீங்க, நம்ம ஊர் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் உப்பிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். அம்மாவுக்கு வீட்டிலிருந்து கிளம்பும்போதே மாத்திரை, குளுக்கோஸ், பிஸ்கட். சுகர் இறங்கிப் படபடப்பு, வியர்வை வந்தால் உடனே குளுக்கோஸ் கொடுக்கணும், மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தண்ணீர் பாட்டிலை டிரைவர் காலடியில் போடாதீங்க, உருண்டு பிரேக்குக்கு அடியில் போய் மாட்டும், எனக்கு ஒரு தடவை மாட்டியது. யானை நடமாட்டம் இருக்கிற இடத்தில் எதற்காகவும் கதவைத் திறக்க வேண்டாம்.

சத்தி மாப்பிள்ளை:
இதெல்லாம் சரிதானுங்க, தோட்டத்தில் இருந்து நாலு மணிக்கே கிளம்பினால் பாதி சாமான் தேவைப்படாது. சில்லறையா ஐநூறு ரூபாய் வைங்க, சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலைக்கு ஆகாது.

கோபிக்காரன்:
நாலு மணிக்குக் கிளம்பத்தான் நினைக்கிறேன், ஆள்களுக்குக் கூலி கொடுத்து முடிப்பதற்குள் ஆறாகிவிடுகிறது. பம்பு, டார்ச் வாங்கியாச்சு. ஸ்டெப்னிக்குக் காற்றடித்தபோது பார்த்தேன், பக்கத்தில் 2216 என்று இருக்கிறது, என்னண்ணா அது?

பட்டறை அண்ணன்:
2016ஆம் வருசம் 22ஆவது வாரம் செய்த டயர். காற்றடித்தது போதும், மாத்திடுங்க.