கிரேஹவுண்டுக்கு 2ஆம் நிலை இதய முணுமுணுப்பு: பல் சிகிச்சைக்கு முன் மாத்திரை தொடங்க வேண்டுமா?

லெஸ்டர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் முகில் என்ற 6 வயது ஆண் கிரேஹவுண்ட் இன நாய் இருக்கிறான். அயர்லாந்தில் பிறந்து, இங்கிலாந்தின் ஓடுதளங்களில் ஓடி, ஓய்வு பெற்ற பின் தத்தெடுப்பு மையம் வழியாக எங்களிடம் வந்து 2 ஆண்டுகள் ஆகின்றன. இரு காதுகளின் உட்புறத்திலும் குட்டியாக இருந்தபோது குத்திய பச்சை எழுத்துகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. எடை 31 கிலோ. ஓடுதளத்திலிருந்து வரும் பல கிரேஹவுண்டுகளைப் போலவே இவனுக்கும் பற்கள் மோசம். கடைவாய்ப் பற்களில் காரை படிந்து ஈறு சிவந்திருப்பதால், மயக்க மருந்து கொடுத்துச் சுத்தம் செய்து 2 பற்களை எடுக்க வேண்டும் என்று மருத்துவமனையில் நாள் குறித்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய பரிசோதனையில், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்த இளம் மருத்துவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, 6 நிலைகளில் 2ஆம் நிலை முணுமுணுப்பு, அதாவது மர்மர், இருப்பதாகச் சொன்னார். எக்ஸ்ரே எடுத்து, இதயத்தின் நீள அகலங்களை முதுகெலும்புக் கணுக்களோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டதில் 10.8 வந்தது. 10.5க்கு மேல் போனால் இதயம் பெருத்திருக்கிறது என்று பொருளாம். இதயச் சுமையைக் காட்டும் என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையும் சற்று அதிகம். எனவே பல் சிகிச்சையைத் தள்ளிவைத்து, இதயம் சுருங்க வலுவூட்டும் பிமோபென்டான் மாத்திரையைத் தொடங்கச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

முகிலிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. இருமல் இல்லை, மயக்கம் இல்லை, காலையில் பூங்காவில் ஒரு முறை முழு வேகத்தில் ஓடிவிட்டு வந்து பிறகு நாள் முழுவதும் தூங்குகிறான். ஆயினும் அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இரவில் அவன் பக்கத்தில் தரையில் அமர்ந்து பார்க்கிறேன். மெல்லிய தோலுக்கு அடியில், இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே இதயம் துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. முன்பு அழகாகத் தோன்றிய அந்தத் துடிப்பு இப்போது அச்சமூட்டுகிறது. எக்கோ, அதாவது இதயத்தின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், எடுக்காமலே மாத்திரையைத் தொடங்கலாமா? மயக்க மருந்து ஆபத்தாகிவிடுமா? மருத்துவக் குறிப்பில் 'இதய நோய் ஐயம்' என்று எழுதிவிட்டதால் காப்பீடு என்னவாகும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

கிளாஸ்கோ வாசகி எழுதியது:

உங்கள் தவிப்பு எனக்கு நன்றாகப் புரிகிறது. எங்கள் பெண் கிரேஹவுண்டுக்கு 4 வயதில் இதே 2ஆம் நிலை என்றார்கள். இப்போது அவளுக்கு 11 வயது. இடையில் 3 மருத்துவர்கள் கேட்டார்கள். ஒருவர் 1 என்றார், ஒருவர் 2 என்றார், ஒருவருக்கு ஓசையே கேட்கவில்லை. மருத்துவமனை வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்கும்போது உரக்கக் கேட்பதும், வீட்டுக்கு வந்து கேட்டால் மங்கிப்போவதும் அவள் விஷயத்தில் வழக்கமாகிவிட்டது. எக்கோவில் ஒரு குறையும் இல்லை. சில நூறு பவுண்டுகள் செலவானாலும், அந்த ஒரு முறை எடுத்தது பின்னால் எத்தனையோ முறை உதவியது. முடிந்தால் இதய நோய் வல்லுநரிடம் எடுங்கள், அதிலும் கிரேஹவுண்டுகளைப் பார்த்துப் பழகியவராக இருக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நாற்கால் மருத்துவம் எழுதியது:

நான் கால்நடை மருத்துவராகப் பணிபுரிகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் நாய்க்கு நோய் உண்டு என்றோ இல்லை என்றோ நான் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் சொல்லப்பட்ட மூன்று காரணங்களும், அதாவது ஓசை, எக்ஸ்ரே அளவு, ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றும், நலமாக உள்ள கிரேஹவுண்டிலும் இப்படியே இருக்கக்கூடியவை. இதை உங்கள் மருத்துவரிடம் பேசுவது முறையே.

பிற நாய்களில் இதயத்தின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 0.7 முதல் 0.8 விழுக்காடு, கிரேஹவுண்டில் அது 1.2 விழுக்காட்டையும் தாண்டும். 31 கிலோ எடையுள்ள வேறொரு நாய்க்கு 230 கிராம் அளவில் இதயம் இருந்தால், முகிலுக்கு 370 கிராம் அளவில் இருப்பது அவன் இனத்துக்கு இயல்பு. நீங்கள் குறிப்பிட்ட முதுகெலும்புக் கணக்கில் பொதுவான நாய்களின் சராசரி 9.7, மேல் எல்லை 10.5, கிரேஹவுண்டுகளிலோ சராசரியே 10.5ஐ ஒட்டி வருகிறது. எனவே 10.8 என்ற எண்ணைத் தனியே வைத்துக்கொண்டு இதயம் வீங்கியிருப்பதாகச் சொல்ல இயலாது. என்.டி. புரோ பி.என்.பி., இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ஆகிய இரண்டும் நோயற்ற கிரேஹவுண்டுகளில் பிற இனங்களைவிடக் கூடுதலாக இருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது.

இனி ஓசைக்கு வருவோம், ஏனெனில் இங்கே கவனமாகக் கேட்கும் காதுதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. 'லப்', 'டப்' என்ற இரு ஓசைகளுக்கு நடுவே, இதயம் சுருங்கி ரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளும் அந்தச் சிறு பொழுதில் ஒரு மெல்லிய ஊதல் கேட்கும். ஸ்டெதஸ்கோப்பை இடது முன்னங்காலின் அக்குளுக்குள் முன்னும் மேலுமாகத் தள்ளி வைக்கும்போது அது தெளிவாகவும், கீழே இறக்கினால் மங்கியும் கேட்டால், பெருந்தமனி வழியாக ரத்தம் விரைந்து போகும் ஓசையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓய்வு பெற்ற ஓட்டக் கிரேஹவுண்டுகளிடம் கேட்கும் இதே ஓசையைப் பற்றி ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், முணுமுணுப்பு உள்ளவற்றுக்குப் பெருந்தமனியில் ரத்தம் பாயும் வேகம் கூடுதலாக இருந்ததே தவிர இதயத்தின் கட்டமைப்பில் நோய் இல்லை. மாறாக, முழங்கைக்குப் பின்னால், இதயத்தின் முனை மார்புச் சுவரைத் தட்டும் இடத்தில் ஓசை உரக்கக் கேட்டால், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள ஈரிதழ் வால்வில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆகவே உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனையாம் நிலை என்பதைவிட, எந்த இடத்தில் கேட்டது என்பதுதான்.

பிமோபென்டானைப் பற்றி ஒரு சொல். அது நல்ல மருந்து, உரிய நோயாளிக்குக் கொடுத்தால் ஆயுளை நீட்டுகிறது. 2016இல் வெளியான எபிக் ஆய்வு, அறிகுறி தோன்றும் முன்பே அதைத் தொடங்குவதன் பயனை நிறுவியது. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவை ஈரிதழ் வால்வு நோய் உள்ள, 15 கிலோவுக்கு மேற்படாத நாய்கள். இதயம் பெருத்ததை எக்கோவில் உறுதி செய்ததோடு, முதுகெலும்புக் கணக்கு 10.5ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்பதும் அங்கே ஒரு நிபந்தனை. சிறு நாய்க்கு வகுத்த அந்தக் கோட்டைக் கிரேஹவுண்டின் மேல் வைத்துப் பார்த்தால், நலமான நாயும் நோயாளியாகிவிடும். உங்கள் மருத்துவர் பெரும்பாலும் அந்தக் கோட்டை மனத்தில் வைத்தே சொல்லியிருப்பார். அவர் அக்கறையைக் குறை சொல்வதற்கில்லை. எக்கோ முடியும் வரை காத்திருக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

எக்கோ எடுப்பவருக்கும் இனம் தெரிந்திருக்க வேண்டும். கிரேஹவுண்டின் இடது கீழறை அகலமானது. ஓய்வில் அது சுருங்கும் விகிதம் குறைவாகத் தோன்றும். பொதுவான அட்டவணையோடு ஒப்பிட்டால் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் என்று தவறாகப் படிக்க இடமுண்டு.

அதே வேளையில், எல்லாக் கிரேஹவுண்டு முணுமுணுப்பும் இயல்பு என்று நினைத்து இருந்துவிடவும் கூடாது. 3ஆம் நிலைக்கு மேற்பட்ட ஓசை, வயதான பின் புதிதாகத் தோன்றிய ஓசை, ஓடும்போது சரிந்து விழுதல், தூக்கத்தில் நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரேஹவுண்டுக்குச் சிவப்பணு விகிதம் 50 முதல் 60 விழுக்காடு வரை இருப்பது இயல்பு. 40 என்று வந்தால் ஆய்வகத் தாள் அதை நலம் என்று காட்டும், ஆனால் இந்த இனத்துக்கு அது ரத்தக் குறைவாக இருக்கலாம். ரத்தம் நீர்த்தாலும் முணுமுணுப்பு கேட்கும்.

லெஸ்டர்வாசி எழுதியது:

டாக்டர், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. உடனே எங்கள் மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். ஓசை அக்குள் பக்கம்தான் கேட்டதாகவும், எக்கோ வரை மாத்திரைக்குக் காத்திருப்பதில் தவறில்லை என்றும் அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். சிவப்பணு விகிதம் 56. நேற்றிரவு எண்ணியதில் மூச்சு நிமிடத்துக்கு 16. மயக்க மருந்தைப் பற்றியும் காப்பீட்டைப் பற்றியும் ஒரு வரி சொல்ல முடியுமா?

நாற்கால் மருத்துவம் எழுதியது:

எக்கோ நன்றாக இருந்தால், இந்த ஓசைக்காக மயக்க மருந்தை அஞ்ச வேண்டியதில்லை. கிரேஹவுண்டுகளுக்குத் தயோபென்டோன் போன்ற பார்பிட்யுரேட் மருந்துகள்தாம் ஆகாதவை, அவற்றிலிருந்து தெளிய நெடுநேரம் பிடிக்கும். அவற்றை இப்போது யாரும் எளிதில் எடுப்பதில்லை, ஆயினும் கேட்டுக்கொள்ளுங்கள். பல் நோயை விட்டுவைப்பது எந்த வகையிலும் நல்லதன்று. காப்பீட்டைப் பொறுத்தவரை, எக்கோ முடிவு வந்ததும் குறிப்பில் இருக்கும் 'ஐயம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், இது இனத்துக்கு இயல்பான ரத்த ஓட்ட முணுமுணுப்பு, நோய் இல்லை என்று தேதியோடு சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய குறிப்பை அழிக்க மாட்டார்கள், புதிய முடிவைச் சேர்ப்பது அவர்கள் கடமை.

மெல்பர்ன் தமிழச்சி எழுதியது:

பல் எடுக்கப் போவதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்களவனுக்குப் பல் எடுத்த அன்று ரத்தம் நன்றாகவே நின்றது. 2ஆம் நாள் இரவில்தான் ஈறிலிருந்து கசிந்து, அவன் படுக்கும் வெள்ளைப் போர்வை முழுவதும் சிவந்துபோனது. உறைந்த ரத்தம் விரைவாகக் கரைந்துவிடும் இயல்பு இந்த இனத்தில் சில நாய்களுக்கு உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. உறைந்த ரத்தம் கரையாமல் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுக்கலாமா என்று மறக்காமல் கேளுங்கள். பிளேட்லெட் எண்ணிக்கை ஒன்றரை லட்சத்துக்குக் கீழே இருந்தால் அதைக் கண்டும் பதற வேண்டாம், கிரேஹவுண்டுக்கு அது வழக்கமானதே.

லெஸ்டர்வாசி எழுதியது:

3 வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வல்லுநர் எக்கோ எடுக்கும்போது என்னையும் உள்ளே அனுமதித்தார். முகிலை இடப்பக்கமாகப் படுக்கவைத்து, தலையை நான் பிடித்துக்கொள்ள, மார்பில் மயிர் வழித்த சிறு சதுரத்தில் களிம்பு தடவிக் காட்டினார். வால்வுகளின் இதழ்கள் மெல்லியவையாக, கசிவின்றி மூடின. பெருந்தமனியில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 2.1 மீட்டர், பிற நாய்களில் 1.7ஐத் தாண்டுவது அரிது, இவன் இனத்துக்கு இது எதிர்பார்த்ததே என்றார். இடது கீழறையைக் கிரேஹவுண்டுக்கான அளவுகளோடு ஒப்பிட்டே எழுதினார். மாத்திரை வேண்டாம், ஆண்டுக்கு ஒரு முறை ஓசையைக் கேட்டால் போதும்.

கடந்த செவ்வாயன்று பல் சிகிச்சை முடிந்தது. 3 பற்களை எடுத்தார்கள். டிரானெக்சாமிக் அமிலத்தை அவர்களே பரிந்துரைத்தார்கள், 2ஆம் நாளும் 3ஆம் நாளும் கசிவு இல்லை. ஊறவைத்த சாப்பாட்டை இப்போது இரு பக்கமும் மெல்லுகிறான். முன்பு வலப்பக்கம் மட்டும் மென்றதை நான் கவனிக்காமலே இருந்திருக்கிறேன் என்பது மனத்தை உறுத்துகிறது. பிரிக்காத மாத்திரைப் பெட்டியை மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டேன். குறிப்பில் புதிய வரியைச் சேர்த்து அதன் படியைத் தந்திருக்கிறார்கள். அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.