ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நாள்பட்டால் ஏன் அடங்க மறுக்கிறது? செல்லுக்குள் என்ன நடக்கிறது?

மண்டபம்_ஈசிஜி:
மண்டபம் வட்டாரத்தில் ஈசிஜி எடுக்கும் பணியாளர்களுக்கு வகுப்பு எடுக்கணும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் கோளாறு) தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் என்று பாடத்தில் ஒரே வரியோடு முடித்துவிட்டார்கள். செல்லின் மின்னோட்டத்தில் எது முதலில் மாறுகிறது, எத்தனை நாளில்? சைனஸ் ரிதம் (இதயத்தின் இயல்பான சீரான துடிப்பு) திரும்பினால் அந்த மாற்றம் போய்விடுமா? கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் அதையும் எழுதுங்கள்.

தொண்டி_உடலியங்கியல்:
கால்சியத்தில் ஆரம்பியுங்கள், மற்றது தானாகப் பிடிபடும்.

மேலறைச் செல் தூண்டப்பட்டதும் சோடியம் உள்ளே பாய்ந்து மின்னழுத்தம் சட்டென ஏறும். எல்-வகை கால்சியம் சேனல் திறந்து அதைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தும். பிறகு பொட்டாசியம் வெளியேறி கீழே இறக்கும். நிமிடத்துக்கு 70 தடவை என்றால் உள்ளே வந்த கால்சியத்தை அகற்ற செல்லுக்கு நேரம் கிடைக்கும். ஃபிப்ரிலேஷனில் மேலறை 350 முதல் 600 தடவை வரை தூண்டப்படுகிறது. கால்சியம் உள்ளே குவிந்துவிடும்.

செல் அதைத் தடுக்கப் பார்க்கும். முதல் சில நிமிடங்களில், மூடிய கால்சியம் சேனல் முழுதாக மீள நேரமில்லாததால் ஓட்டம் குறையும். நாள்கணக்கில் நீடித்தால் அந்தச் சேனலைத் தயாரிப்பதையே செல் குறைத்துவிடும். கூடவே ஐகே1 என்ற பொட்டாசியம் ஓட்டம் கூடும். வரவு குறைந்து செலவு கூடியதால் மின்துடிப்பு குட்டையாகிறது, ரிஃப்ராக்டரி நேரமும் (ஒரு தூண்டலுக்குப் பிறகு செல் அடுத்ததை ஏற்காத நேரம்) சுருங்குகிறது. செல்லைக் காப்பாற்ற வந்த மாற்றமே கோளாறுக்கு வசதி செய்துகொடுப்பது இங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். மின் அலை நொடிக்கு 70 செ.மீ. வேகத்தில் போய், ரிஃப்ராக்டரி நேரம் 200 மில்லிசெகண்டாக இருந்தால், அலையின் நீளம் 14 செ.மீ. ஃபிப்ரிலேஷன் நீடிக்க மின் அலை சுற்றிச் சுற்றி வரணும், அதற்குக் குறைந்தது அந்த நீளத்துக்குப் பாதை வேண்டும். அவ்வளவு பெரிய சுற்றுக்கு மேலறையில் இடம் கிடைப்பது கஷ்டம். வேகம் 50, நேரம் 100 என்று ஆனால் நீளம் 5 செ.மீ. தான். அப்படிப்பட்ட சுற்றுகள் பல ஒரே சமயத்தில் ஓடலாம். (எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.)

இதை ஆடுகளில் நிரூபித்தது 1995-இல், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில், விஃபல்ஸ், அலெஸி குழு. ஃபிப்ரிலேஷனை விடாமல் தூண்டியதில் ஒரே நாளில் ரிஃப்ராக்டரி நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. போகப்போக 11 ஆடுகளில் 10-இல் அது தானாக நிற்காத நிலைக்குப் போனது. சைனஸ் ரிதத்துக்குத் திருப்பியதும் மின் மாற்றங்கள் ஒரு வாரத்துக்குள் மறைந்தன.

ஆனால் அந்த ஆடுகளில் ஃபிப்ரிலேஷன் இருந்தது சில வாரங்கள்தான். மாதக்கணக்கில் போனால் செல்களை இணைக்கும் கனெக்சின் புரதங்கள் முனையிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்கின்றன, இடையில் நார்த்திசு வளர்கிறது. நார்த்திசு ஒரு வாரத்தில் போகாது.

மண்டபம்_ஈசிஜி:
நன்றி சார். கீழறைச் செல்லிலும் இதே சுருக்கம்தானா?

தொண்டி_உடலியங்கியல்:
இல்லை, இதைக் குழப்பிவிடாதீர்கள். இதயம் பலவீனமானவர்களின் கீழறைச் செல்லில் பொட்டாசியம் ஓட்டங்கள் குறைந்து மின்துடிப்பு நீளும். வயிற்றுப்போக்கில் பொட்டாசியம், மக்னீசியம் இறங்கினால் இன்னும் நீளும். அந்த நேரத்தில் சோடலால் (துடிப்பைச் சீராக்கும் மாத்திரை) எடுப்பவருக்கு அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுத்தால் டோர்சாட்ஸ் என்ற ஆபத்தான கீழறைத் துடிப்புக் கோளாறு வரலாம். க்யூடிசி (ஈசிஜியில் கீழறை மின்துடிப்பின் நீளத்தைக் காட்டும், துடிப்பு வேகத்துக்குத் திருத்திய அளவு) 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

கீழக்கரை_வார்டு:
நடைமுறைக்கு வருகிறேன். பணியாளர்கள் நாடியை 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை விடணும். ஒழுங்கற்ற துடிப்பில் முழு நிமிடம் எண்ணணும், ஸ்டெத்தை நெஞ்சில் வைத்தும் எண்ணணும். பலவீனமான துடிப்புகள் மணிக்கட்டுக்கு வந்து சேராது, 130 இருக்கும் இடத்தில் 95 என்று எழுதிவிடுவார்கள்.

எப்போது ஆரம்பித்தது என்பதைக் கேட்டு எழுதுவது ரொம்ப முக்கியம். 48 மணி நேரம் தாண்டியிருந்தாலோ தெரியாவிட்டாலோ, நிலையாக இருப்பவருக்கு ரிதத்தைத் திருப்ப உடனே மின் ஷாக் கொடுப்பதில்லை. மூன்று வாரம் ரத்தம் உறையாத மருந்து, அல்லது உணவுக்குழாய் வழி எக்கோவில் மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி, அதன் பிறகுதான். ஷாக்குக்குப் பிறகும் குறைந்தது நான்கு வாரம் மருந்து வேண்டும். மின்சாரம் சீரானாலும் மேலறைத் தசை சுருங்கக் கொஞ்ச நாள் ஆகும், ரத்தக்கட்டி உருவாவது அந்த இடைவெளியில்தான். "ஈசிஜி நார்மல் ஆயிருச்சு" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்லுங்கள்.

மண்டபம்_ஈசிஜி:
வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் இதே கதைதானா காக்கா?

கீழக்கரை_வார்டு:
அங்கே மேலறையில் அழுத்தம் குறையாத வரை திரும்பத் திரும்ப வரும், வால்வைச் சரிசெய்யாமல் ரிதத்தை மட்டும் துரத்திப் பயனில்லை. மருந்தும் வேறு. வால்வு சுருக்கம் மிதமோ கடுமையோ ஆனவர்களுக்கு ரத்தம் உறையாமல் தடுக்க வார்ஃபரின்தான், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை எண்) 2-க்கும் 3-க்கும் இடையில். ரிவரோக்சபான் என்ற புதிய வகை மருந்து மாற்றாகாது என்று 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்றாலும் முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்தச் சொல்ல வேண்டாம், வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும். விசைப்படகில் இரவு தங்குகிறவர் அன்றைய மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் எடுத்துப் போகணும். முள்ளோ தூண்டிலோ குத்தி 10 நிமிடம் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் கரைக்குத் திரும்பணும், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.