ஆளுக்கு ஒரு பிடி குறிஞ்சி விதை: எடுக்கலாமா, கூடாதா?

மேல்மலை மாறன்:
இரண்டு நாளாக ஒரு குரல்பதிவு வாட்ஸப்பில் சுற்றுகிறது. 2030இல் நீலக்குறிஞ்சி பூத்து முடிந்ததும் மலையில் வீடு இருக்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி விதை எடுத்து வந்து தோட்டத்தில் தூவுங்கள், குறிஞ்சி பிழைத்துக்கொள்ளும் என்று யாரோ பேசியிருக்கிறார். எனக்கு மட்டும் ஏழு பேர் அனுப்பிவிட்டார்கள். கேட்கக் கேட்க வயிறு எரிகிறது. குறிஞ்சி பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கும், காய்க்கும், அதோடு பட்டுப்போகும். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் விதை விடும். செம்பருத்தி மாதிரி இந்த வருடம் போனால் அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது. அந்த ஒரு பிடி ஏதோ சில செடிகளின் மொத்த வம்சம்.

தோட்டக்கார வாத்தியார்:
மாறன், அந்தக் குரல்பதிவு என்னுடையது இல்லை. ஆனால் அதில் ஒரு தப்பும் இல்லை. 2018இல் பூத்தபோது நானும் போனேன். 2019 தொடக்கத்தில் காய் முற்றியதும் ஒரு பிடி எடுத்து வந்தேன், ஒளிக்கவில்லை. வீட்டில் தினத்தந்தித் தாளை விரித்து வெயிலில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் காய்ந்த காய்கள் பட் பட்டென்று வெடித்து விதை அறை முழுக்கச் சிதறியது. பொறுக்கி எண்ணினேன், 140. முளைத்தது 23. இன்றைக்கு என் தோட்டத்தில் நிற்பது 11 செடி. நான் விதை எடுத்த சரிவில் பாதியை வெட்டி இப்போது ரிசார்ட்டுக்கு வண்டி நிறுத்த இடம் பண்ணிவிட்டார்கள். அங்கே நின்ற குறிஞ்சியில் மிச்சம் என் வீட்டில்தான் இருக்கிறது. யார் காப்பாற்றினார்கள், சொல்லுங்கள்?

மேல்மலை மாறன்:
140 விதை வேண்டுமென்றால் எத்தனை செடியின் கதிரை உருவியிருப்பீர்கள்? ஒரு பிடி, ஒரு பிடி என்று சின்னதாகச் சொல்கிறீர்கள். கோடைக்கானலில் வீடு எத்தனை, ஊட்டியில் வீடு எத்தனை? அத்தனை பேரும் ஒரு பிடி எடுத்தால் மலையில் என்ன மிஞ்சும்? 140இல் 129 உங்கள் கையில் செத்தது. அதையும் கணக்கில் எழுதுங்கள் வாத்தியாரே.

தோட்டக்கார வாத்தியார்:
மலையில் விழும் விதை எல்லாம் முளைக்கிறதா? எறும்பு தின்னும், மழை அடித்துப் போகும், மிஞ்சியதை வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய வாட்டில் மரம் நிழல் போட்டு மூடும். நூற்றுக்கு எட்டு செடி நிற்கிறது என் தோட்டத்தில். மலையில் அவ்வளவு நிற்குமா?

புதுச்செடி:
வணக்கம். நான் கோத்தகிரிக்குப் புதிது. பொறுப்போடு வளர்ப்பது என்றால் என்ன என்று முதலில் யாராவது சொல்லுங்களேன். நர்சரியில் வாங்கினால் சரியா? வீட்டுச்செடிக்குச் சாணி உரம் போடலாமா?

சோலைக்காவலன்:
இரண்டு பேருமே சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு நீலக்குறிஞ்சி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் அட்டவணையில், அதாவது பாதுகாக்கப்பட்ட செடிகளின் பட்டியலில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. காட்டில் பறிக்கக் கூடாது, பிடுங்கக் கூடாது. அனுமதி வாங்காமல் வளர்க்கவும் கூடாது. நர்சரியில் கிடைத்தாலும் இதே கதைதான். ஒரு பிடியா, ஒரு விதையா என்பதே கேள்வி இல்லை.

தோட்டக்கார வாத்தியார்:
நான் எடுத்தது 2019இல். அப்போது அது அட்டவணையில் இல்லை.

மேல்மலை மாறன்:
சட்டம் வரும் முன் எடுத்தால் அது விதை இல்லாமல் போய்விடுமா? சட்டத்துக்காக நான் பேசவில்லை. பக்கத்து வட்டவடையில் குறிஞ்சிக்கென்றே 2006இல் கேரளம் சரணாலயம் அறிவித்தது, 3,200 ஹெக்டேர். ஒரு பூவுக்கு அவ்வளவு நிலம் ஏன்? அது தனியாக வாழ்கிற செடி இல்லை. சரிவு முழுக்க ஒரே நேரத்தில் பூத்தால்தான் தேனீக்கள் கூட்டமாக வரும், தின்கிறவை தின்றது போக விதை மிஞ்சும். உங்கள் வேலி ஓரத்துப் பதினொரு செடி 2030இல் பூத்தால் யார் வரப் போகிறார்கள்? ஒரு பிடியால் சரிவை உண்டாக்க முடியாது. ஒரு பிடியால் சரிவைக் குறைக்கத்தான் முடியும்.

செல்வி, கோடை:
மாறன் அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடுதான், ஆனால் வேறு காரணத்துக்காக. வாத்தியார் எந்த மலையில் எடுத்தார்? நீலகிரி விதையைக் கோடைக்கானல் இருக்கும் எங்கள் பழனி மலைத்தொடரில் கொண்டுவந்து போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மலைக் குறிஞ்சிக்கும் அதனதன் வம்சவழி உண்டு. கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. குறிஞ்சி என்றாலே கோடைதான், குறிஞ்சி ஆண்டவர் கோயிலே இங்கேதான் இருக்கிறது.

கொடநாட்டுக்காரன்:
ஓஹோ. நீலகிரி என்ற பெயரே எங்கள் மலை நீலமாகப் பூத்ததால் வந்தது என்று ஊரே சொல்கிறது. கோயில் கட்டினால் பூ உங்களுடையதா?

செல்வி, கோடை:
கோயில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். பூவுக்குப் பட்டா கேட்கவில்லை. உங்கள் நீலமலையில் தேயிலை போகக் குறிஞ்சி வளரும் புல்வெளி மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

கொடநாட்டுக்காரன்:
கோடையில் மட்டும் என்ன? புல்வெளி இருந்த இடமெல்லாம் பைனும் யூகலிப்டஸும் வாட்டிலும். பைன் காட்டைச் சுற்றிப் பார்க்க வண்டி வண்டியாகக் கூட்டம் வேறு.

தோட்டக்கார வாத்தியார்:
செல்வி, நான் இருப்பது நீலகிரி, எடுத்ததும் நீலகிரி, வைத்திருப்பதும் நீலகிரி. கவலை வேண்டாம். மாறனுக்கு ஒன்று. போன வருடம் நான் காட்டுப்பூவரசு கன்று வைத்தபோதும் இதையேதான் சொன்னீர்கள். வீட்டில் நிற்காது, ஆறு மாதத்தில் சாகும் என்றீர்கள். சாகவில்லை, மொட்டு விட்டிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினீர்களா?

மேல்மலை மாறன்:
காட்டுப்பூவரசு வருடா வருடம் பூக்கிற மரம். அதையும் குறிஞ்சியையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே. அந்தக் கன்று நின்றது சந்தோஷம். இப்போது கேள்விக்கு வாருங்கள். ஒரு பிடி எடுத்தது சரியா?

தோட்டக்கார வாத்தியார்:
சரிதான். இன்னும் பத்துத் தடவை கேட்டாலும் சரிதான்.

சோலைக்காவலன்:
வாத்தியாரே, அந்தப் பதினொரு செடியை வனத்துறையிடம் சொல்லிப் பதிவு செய்யப் பாருங்கள். புல்வெளி மீட்கும் வேலைக்கு விதை தேவைப்படும்.

மேல்மலை மாறன்:
பதிவு செய்தாலும் அது மலைச்செடி ஆகாது. வாத்தியார் படம் போட்டிருந்தாரே, எல்லோரும் பாருங்கள். செடி இடுப்புக்கு மேல் நிற்கிறது. காற்று அடிக்கும் திறந்த சரிவில் குறிஞ்சி முழங்கால் உயரம்தான், நெருங்கி, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். நீங்கள் நிழலும் எருவும் கொடுத்துக் கொழுக்க வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஆசை இருப்பது தெரிகிறது. எனக்கும் ஆசைதான். கிளாவரை போகும் வழியில் 2006இல் என் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன், 2018இல் அவர் இல்லாமல் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒரு காயைக்கூடக் கையில் எடுக்கவில்லை. தோட்டம் வேண்டுமென்றால் வாட்டில் கன்றுகளைப் பிடுங்க வாருங்கள். அங்கே வெயில் பட்டால் மலைச்செடிகள் திரும்பி வர இடம் கிடைக்கும்.

புதுச்செடி:
அப்போ சாணி உரம் போடக் கூடாது, சரியா?

தோட்டக்கார வாத்தியார்:
மாறன், வாட்டில் பிடுங்க நான் மூன்று வருடம் வந்தேன். அப்போது உங்களை அங்கே பார்த்த நினைவு எனக்கு இல்லை. என் செடி இடுப்பளவு இருக்கிறது என்பது குற்றமா? உயிரோடு இருக்கிறது.

மேல்மலை மாறன்:
நான் பழனி மலையில் பிடுங்குகிறேன், நீங்கள் நீலகிரியில். எப்படிப் பார்ப்பீர்கள்? பேச்சை மாற்ற வேண்டாம். அந்த ஒரு பிடியை எந்தச் சரிவில் எடுத்தீர்கள்? மிச்சம் இருக்கிற பாதியில் 2030இல் எத்தனை செடி பூக்கிறது என்று நான் நேரில் போய் எண்ணுகிறேன். இடத்தைச் சொல்லுங்கள்.

தோட்டக்கார வாத்தியார்:
இங்கே சொன்னால் பூக்கும் வருடத்தில் அங்கே பத்து ஜீப் நிற்கும். சொல்ல மாட்டேன்.

மேல்மலை மாறன்:
ஜீப்பில் வருகிறவனும் ஒரு பிடிதானே எடுப்பான்? அதுதான் சரி என்றீர்களே.