புதுப்பிப்பு: அப்பாவின் தினக்கூலிக் காலம் பென்ஷனில் சேர்ந்துவிட்டது

வழிகாட்டிய எல்லாருக்கும் நன்றி. செங்கோட்டையில் எழுத்தராக ஓய்வு பெற்ற அப்பா நிரந்தரமாவதற்கு முன் பார்த்த தினக்கூலிக் காலம் பென்ஷன் கணக்கில் விடுபட்டது பற்றி இங்கே கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது புளியரை அண்ணாச்சி சொன்ன வழிதான்: தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978, விதி 11(4). 1.4.2003-க்கு முன் நிரந்தரமானவர்களுக்கு, முழுநேரமாக, இடைவெளியின்றிப் பார்த்த தினக்கூலிப் பணியில் பாதி கணக்கில் சேரும். பென்ஷனைச் சரிபார்த்து ஆணை தரும் மாநிலக் கணக்காயருக்கு (ஏ.ஜி. அலுவலகம்) நேரடியாக எழுதாமல் பழைய அலுவலகம் வழியாகவே போனோம். அந்தக் காலத்துச் சம்பளப் பட்டியலைத் தேடியெடுத்துப் பணிப்பதிவேட்டில் சான்று ஏற்றுவதற்குள்தான் உயிர் போயிற்று. ஏறியதும் திருத்திய ஆணை வந்துவிட்டது.

எதிர்பாராதது, பணிக்கொடை (கிராஜுட்டி) வித்தியாசமும் கூடவே வந்தது. அம்மாவுக்கான குடும்ப ஓய்வூதியம் மட்டும் மாறவில்லை. அது கடைசிச் சம்பளத்தை வைத்துப் போடுவது.